காளவாசலில் கவிழ்த்து வைத்த சீட்டு

ஈப்போவிலிருந்து மதுரைக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் கோபுரத்தைப் பற்றி எழுதுவார்கள். நான் ஒரு சீட்டாட்டத்தைப் பற்றி எழுதப்போகிறேன். கோபுரம் நான் எழுதாவிட்டாலும் நிற்கும். அந்த ஆட்டத்தை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்ததே பெரிய தப்பு.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் தம்பி சேகரன் ஈப்போவில் தமிழ்ப் பள்ளி ஆசிரியர். முந்தின வருஷம் திருமங்கலத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போனவன் அங்கே வசந்தா என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தான். மதுரைப் பக்கம் கோச்சடைப் பெண், அவளும் டீச்சர். பத்து நாள் கல்யாண வீட்டில் இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள், பிடித்துப் போயிருக்கிறது. கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றான். அப்பா அம்மா இல்லாத வீட்டில் மூத்தவன் நான்தானே போய்ப் பேசி முடிக்க வேண்டும்.

“அண்ணே, அந்த வீட்டுல கை நனைச்சிட்டு வந்துடுங்க. எனக்கு அது போதும்” என்று சொல்லி அனுப்பினான்.

பெண் பார்க்கப் போகிற வீட்டில், சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடுவதில்லை. உட்கார்ந்து சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் அப்பா திருமங்கலம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். மலேயாவில் எதை எதையோ விட்டுவிட்டோம், இந்தக் கை நனைக்கிற வழக்கத்தை மட்டும் விடவில்லை.

வியாழக்கிழமை காலையில் மதுரையில் இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் ஒரு சைக்கிள் ரிக்ஷா. பாதி வழியில் செயின் கழன்றது. ரிக்ஷாக்காரர் இறங்கி மாட்டினார், கழன்றது. மறுபடி மாட்டினார், மறுபடி கழன்றது. கடைசியில் நானும் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனேன். ரோட்டோரம் நின்ற ஒருவர், “என்னண்ணே, புது வண்டியா? ஓட்டிப் பழகுறீகளா?” என்றார். மதுரையில் இறங்கி அரை மணி நேரத்தில் நான் வாங்கிய முதல் கிண்டல் அது. கோபம் வந்தது. அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் அறை. பையை வைத்துவிட்டு இறங்கினால் எதிரிலேயே இட்லிக் கடை. எங்கள் ஊரில் இட்லிக்கு ஒரு சட்னி, ஒரு சாம்பார்; அதிலும் சாம்பாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கே இலையில் நாலு சட்னி. பரிமாறியவர் நான் “போதும், போதும்” என்று இலையைக் கையால் மறைக்க மறைக்க இன்னும் இரண்டு இட்லியை வைத்துவிட்டுப் போனார். போதும் என்று சொன்னால் நிறுத்திவிடுகிற ஊர் இல்லை இது. ஈப்போவில் சீனர் கடையில் போதும் என்றால் தட்டை எடுத்துப் போய்விடுவார்கள்.

வெள்ளிக்கிழமை டவுன் பஸ் பிடித்துக் காளவாசலில் இறங்கி, அங்கிருந்து கோச்சடைக்கு நடந்தேன். ஒரு பக்கம் புதுசு புதுசாக மாடி வீடுகள், இன்னொரு பக்கம் வாய்க்காலும் வயலும். வைகையில் தண்ணீர் இருந்ததோ இல்லையோ, வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது.

வசந்தாவின் அப்பா தவசி வாசலுக்கே வந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயசு, வயலில் நின்று கறுத்த உடம்பு, சலவைச் சட்டை. பரம்பரையாக நெல் விவசாயம். காளவாசலில் விதைக் கடையும் வைத்திருந்தார். “வாங்க மாப்ள, வாங்க” என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். தம்பிக்குத்தான் பெண் என்றாலும் முறைக்கு நானும் அவருக்கு மாப்பிள்ளைதான். நானும் மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அந்த வார்த்தை வாயில் நன்றாக உட்கார்ந்தது.

வசந்தா தண்ணீர்ச் செம்போடு வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். நின்று பேசினாள்.

“ஈப்போல வருசம் பூரா மழை பெய்யுமாமே, நெசமா?”

“ஆமாம்மா. சாயந்திரமானா பெய்யும்.”

“அப்ப பிள்ளைக எப்ப வெளையாடும்?”

நாற்பத்துமூன்று வயசு வரை அந்த ஊரிலேயே இருந்தும் இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. சேகரன் ஏன் இவளையே பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று அப்போது புரிந்தது. இந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்று நானும் நினைத்துவிட்டேன்.

பேச்சு அங்கே இங்கே சுற்றி, பொழுது எப்படிப் போகும் என்ற இடத்துக்கு வந்தது. நான் வேலை பார்க்கிற மரக்கடையில் சீன முதலாளி வருஷா வருஷம் போக்கர் போட்டி வைப்பார், நானும் ஆடுவேன் என்றேன். தவசி மாமாவின் முகம் மாறியது. உள்ளே பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“ரம்மி தெரியுமா மாப்ள?”

“தெரியாம என்ன மாமா.”

“ஞாயித்துக்கெழம எங்க கிளப்புல டோர்னமெண்டு. உங்க பேரையும் குடுத்துருறேன். காசு பணம் கெடையாது, செயிச்சவனுக்கு ஒரு வெள்ளிக் கோப்பை. அம்புட்டுதேன். மறுநா திங்கக்கெழம நல்ல நாளு. மத்தியானம் நம்ம வீட்டுல சாப்பாடு.”

திங்கட்கிழமைச் சாப்பாடு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உள்ளே கதவோரம் வளையல் சத்தம் கேட்டது. அன்று சாயந்திரம் தபால் ஆபீஸ் தேடிப் போய் சேகரனுக்குத் தந்தி கொடுத்தேன். திங்கள் சாப்பாடு என்று மட்டும் எழுதினேன். குமாஸ்தா, “இதுக்கா சார் தந்தி?” என்று கேட்டார்.

சனிக்கிழமை மாமா என்னை அழகர்கோவிலுக்குக் கூட்டிப்போனார். பாதி வழியில் பஸ் டயர் வெடித்தது. எல்லாரையும் இறக்கிவிட்டு டிரைவர் பீடியைப் பற்ற வைத்தார். ஒரு மணி நேரம் புளியமர நிழல். ஒரு அம்மா பையிலிருந்து பனங்கிழங்கை எடுத்து எங்களுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். யார், எந்த ஊர் என்று கொடுத்த பிறகுதான் கேட்டார். மலேயா என்றதும், “அங்கிட்டு எங்க சித்தப்பா ஒருத்தரு இருக்காரு, பாத்தா வரச் சொல்லுங்க” என்றார். பெயரைக் கேட்டேன். பெயர் அவருக்கு மறந்துவிட்டது.

கோயிலில் நல்ல கூட்டம். வரிசை வெளியே வரைக்கும் நின்றது. மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் பக்கத்து வாசலைக் காட்டி, “விருந்தாளியோட வந்திருக்கீங்க, இப்படி வாங்க” என்று கூப்பிட்டார். மாமா கும்பிட்டுவிட்டு வரிசையிலேயே நின்றார். எனக்குக் கால் வலி. முணுமுணுத்தேன்.

“நமக்கு முன்னால நிக்கிறவன் என்ன மாப்ள பாவம் செஞ்சான்?” என்றார்.

தரிசனம் முடிந்து தோசை வாங்கினோம். அழகர்கோவில் தோசை நம் வீட்டுத் தோசை மாதிரி இல்லை. தடியாக, நெய்யில் வெந்து, மிளகும் சுக்குமாகக் காரசாரமாக இருக்கும். ஒன்றைத் தின்றால் மத்தியானச் சாப்பாடு வேண்டாம். அதைத் தின்றுகொண்டே மாமா சீட்டைப் பற்றிப் பேசினார்.

“ஒண்ணு சொல்றேன் மாப்ள. சீட்டுல சொந்தம் கெடையாது. நாளைக்கு எனக்கு எதுத்தாப்புல உக்காந்தா வெளுத்து விடுங்க. மாமனாச்சேன்னு விட்டுக் கிட்டுக் குடுத்துராதீக.”

நான் சிரித்துத் தலையாட்டினேன். அவர் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் நான் அதை எடுத்துக்கொண்டது இட்லிக் கடையில் நான் சொன்ன “போதும்” மாதிரிதான். போதும் என்று சொன்னவர் இலையில் இன்னும் இரண்டு வைப்பதுதானே மரியாதை. வேண்டாம் என்று சொல்கிற பெரியவரை இரண்டாம் தரம் உபசரிப்பதுதானே நம் வழக்கம். நம்மில் யார்தான் முதல் “வேண்டாம்” என்பதை நம்பியிருக்கிறோம்?

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப்புக்குப் போனோம். காளவாசலை ஒட்டி ஒரு மாடி. கீழே லாரியும் மாட்டு வண்டியும் டவுன் பஸ்ஸும் மாறி மாறிச் சத்தம் போட, மேலே நாலு மேஜை, மேஜைக்கு ஆறு பேர். வாத்தியார்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், ஒரு பேங்க் மேனேஜர், வயக்காட்டிலிருந்து நேராக வந்தவர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள்.

ஆட்ட முறை இதுதான். எல்லாருக்கும் ஒரே அளவு காயின், அதாவது பிளாஸ்டிக் வில்லை. பதின்மூன்று சீட்டு. முதலில் சேர்த்தவன் விரித்துக் காட்டினால், தோற்றவன் தன் கையிலுள்ள புள்ளிகளுக்குக் காயின் கொடுக்க வேண்டும், அதிகம் எண்பது. கை மோசம் என்று முதலிலேயே சீட்டைக் கவிழ்த்துவிட்டால் இருபதோடு போகும். அதற்கு ஸ்கூட் என்று பெயர். பாதி ஆட்டத்தில் கவிழ்த்தால் நாற்பது. காயின் தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும்.

முதலாளி வீட்டுப் போட்டிகளில் நான் கற்ற பாடம் ஒன்றுதான். ஆரம்பத்தில் செயிக்கப் பார்க்கக் கூடாது, தங்கப் பார்க்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் ஸ்கூட், ஸ்கூட் என்று கவிழ்த்துக்கொண்டே இருந்தேன். எதிரே இருந்த வாத்தியார், “மலேயாக்காரர் ஆட வந்தாரா, சீட்டுக்கு முதுகு சொறிய வந்தாரா?” என்றார். மேஜையே சிரித்தது. நான் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாத்தியாருக்கு ஜோக்கர் வந்தால் கண்ணாடியைத் துடைப்பார். இன்னொருவர் நல்ல கை வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்.

நல்ல கை வந்தபோது மட்டும் இறங்கினேன். காயின் ஒரு அடுக்கு இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. நாலு அடுக்கு சேர்ந்துவிட்டால் ஆட்டமே வேறு. காயின் குறைந்தவர்கள் எண்பது போய்விடுமோ என்று பயந்து, ஆடக்கூடிய கையையும் கவிழ்ப்பார்கள். அவர்கள் கவிழ்க்கக் கவிழ்க்க இருபது இருபதாக என் பக்கம் வரும். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், அடுக்குகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாலே போதும். அந்த மத்தியானம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கறி தோசை வந்தது, தின்றேன். பருத்திப் பால் வந்தது, குடித்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தாளி கலக்குகிறானே என்று ஆட்கள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

ஆட்கள் குறையக் குறைய மேஜைகளை ஒன்றாக்கிக்கொண்டே வந்து, நாலு மணிக்கு மூன்று பேர் மிச்சம். நான், பேங்க் மேனேஜர், தவசி மாமா. சிறிது நேரத்தில் மேனேஜரின் காயின் என்னிடம் வந்து சேர்ந்தது. அவர் எழும்போது, “இனி என்ன, மாமனும் மருமகனும் பேசி முடிச்சுக்கங்க” என்றார். கல்யாணப் பேச்சு கிளப்பில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மாமா அவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார்.

இரண்டு பேர் ஆட்டம். என் முன்னால் இருபத்திரண்டு அடுக்கு, மாமா முன்னால் இரண்டே இரண்டு. பின்னால் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “ஒம்போது வருசமா ஆடுறாரு. கடேசி ரெண்டு பேருல வந்ததே இல்ல. இன்னைக்கித்தேன் வந்திருக்காரு. அதுவும் போச்சு.”

அந்தப் பேச்சு என் காதில் விழாமல் இருந்திருக்கலாம். அதற்கப்புறம் எனக்குச் சீட்டு தெரியவில்லை, மாமாவின் விரல்கள்தான் தெரிந்தன. நாளை மத்தியானம் அவர் வீட்டில் இலை முன் உட்காரப் போகிறேன். இன்று அவரை ஊர் முன்னால் எழுப்பிவிட்டு எப்படி உட்காருவது? ஈப்போவில் என்ன செய்யப்போகிறேன் நான் இந்தக் கோப்பையை வைத்துக்கொண்டு? இப்படியெல்லாம் மனசு ஓடியது. இன்றைக்கு யோசித்தால் அது முழுக்க நல்லெண்ணம் என்றும் சொல்ல முடியவில்லை. இருபத்திரண்டு அடுக்கு முன்னால் இருக்கும்போது தர்மம் செய்வது சுகமாக இருந்தது.

ஆடக்கூடிய கை மூன்று வந்தது, மூன்றையும் ஸ்கூட் சொல்லிக் கவிழ்த்தேன். மாமாவின் இரண்டு அடுக்கு வளர ஆரம்பித்தது. கூட்டம் உற்சாகமானது. “விடாதீக, பிடிச்சுருங்க” என்று சத்தம். மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்த முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன்.

நாலாவது கையில் எனக்கு எல்லாமே சேர்ந்துவிட்டது. மூன்றாவது சீட்டு எடுத்தபோதே பதின்மூன்றும் வரிசையாக நின்றன. விரித்துக் காட்டினால் மாமா மறுபடி விளிம்புக்குப் போய்விடுவார். நான் அரை நிமிஷம் யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, அடுத்த முறை வந்ததும் ஒரு சீட்டை எடுத்தேன், அதையே கீழே போட்டேன். அதற்கடுத்த முறை, “கை சரியில்ல மாமா” என்று சொல்லி மொத்தத்தையும் கவிழ்த்து வைத்தேன். நாற்பது காயினை அவர் பக்கம் தள்ளினேன்.

போக்கரில் கவிழ்த்த சீட்டு செத்த சீட்டு, அதை யாரும் பார்ப்பதில்லை. ரம்மியில் அப்படி இல்லை. பழைய ஆட்டத்துச் சீட்டுகள் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு வரும் என்பதால், அடுத்துக் கலைப்பவர் முதலில் எல்லாவற்றையும் முகம் தெரிய விரித்து அளைந்துவிட்டுத்தான் கலைப்பார். காலையிலிருந்து எத்தனையோ தரம் அதைப் பார்த்திருக்கிறேன். முந்தின மூன்று கையையும் கலைத்துவிட்டுத்தான் கவிழ்த்தேன். இந்தக் கையைக் கலைக்க மறந்துவிட்டேன்.

அடுத்துக் கலைக்க வேண்டியவர் மாமா. என் சீட்டுகளை எடுத்து மேஜையில் விசிறி மாதிரி விரித்தார். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, எல்லாம் ஆட்டின். பக்கத்தில் மூன்று ராணி. அப்புறம் மூன்று ரெண்டு. அப்புறம் கிளாவரில் நாலு, ஐந்து, ஆறு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாகக் கிடந்தன. மாமாவின் கை அப்படியே நின்றது.

“இது சேந்த கையில்ல?” என்று யாரோ மெதுவாகக் கேட்டார்.

“நாந்தேன் அப்பவே சொன்னேனே” என்றார் பேங்க் மேனேஜர்.

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். “இதுக்கு முன்னால வச்ச மூணு கையும் இப்படித்தானா?” என்று கேட்டார்.

மேஜையில் விரிந்து கிடந்த சீட்டையே பார்த்தேன். இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் பொய்யும் வரவில்லை.

கிளப் செயலாளர் வந்தார். தயங்கித் தயங்கிச் சட்டத்தைச் சொன்னார். பேசி வைத்து ஆடினால் இரண்டு பேருக்கும் ஆட்டம் கிடையாது, மூன்றாவதாக வந்தவருக்குத்தான் கோப்பை. “பேசி வைக்கல, அவருக்குத் தெரியாது, நானா செஞ்சது” என்று நான் கத்தினேன். செயலாளர் பாவமாகத் தலையாட்டினார். யார் நம்புவார்கள்? சம்பந்தி ஆகப்போகிற இரண்டு பேர், எல்லாமே சேர்ந்த கையைக் கவிழ்த்தவன் ஒருவன், காயின் வாங்கினவர் ஒருவர்.

மாமா தன் முன்னாலிருந்த அடுக்குகளைப் புறங்கையால் நடு மேஜைக்குத் தள்ளினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். படியில் இறங்கும்போது கூட வரலாமா என்று தெரியாமல் பின்னாலேயே போனேன். கீழே நின்று திரும்பினார்.

“நீங்க பஸ்ஸப் பாத்துப் போயிருங்க சார்” என்றார்.

சார் என்றார்.

திங்கட்கிழமை குளித்து வேட்டி கட்டிக்கொண்டு லாட்ஜ் அறையில் உட்கார்ந்திருந்தேன். கூட்டிப்போக ஆள் வருவதாக ஏற்பாடு. பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று, ஒன்றாயிற்று. வேட்டியைக்கூட மாற்றாமல் காளவாசல் விதைக் கடைக்குப் போனேன்.

கடையில் என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். காபி வரவழைத்தார். ஒரு குடியானவருக்கு நெல் விதையை எந்த மாதம் ஊற வைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். பிறகு என்னிடம் திரும்பினார். கோபமே இல்லாத குரல். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“சார், ஒங்க தம்பி நல்ல பிள்ள. அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. ஆனா இந்தச் சம்பந்தம் வேணாம்.”

“மாமா, மரியாதைக்குச் செஞ்சேன். உங்க வீட்டுல சாப்பிட வரப்போறவன், உங்கள எப்படித் தோக்கடிக்கிறதுன்னு...”

“தோத்தா என்ன? ஒம்போது வருசமாத் தோத்துட்டுத்தேன் வாரேன். தோத்துட்டு வீட்டுக்குப் போயி நல்லாத்தேன் சோறு திங்கிறேன். நேத்துத்தேன் திங்க முடியல.” கல்லாப்பெட்டி மேல் கிடந்த தூசியைத் துடைத்தார். “நீங்க கெட்டவரு இல்ல சார். பாவம் பாத்துக் குடுக்குறவரு. அம்புட்டுத் தூரத்துல எம்பொண்ணு ஒங்க வீட்டுல வந்து இருக்கணும். அங்க அவளுக்குக் கெடைக்கிறது எது அவ உரிமை, எது நீங்க பாவம் பாத்துப் போட்டதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?”

அதற்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். உண்மையில் அதைத்தான் கேட்கப் போனேன். ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லாம் உங்களுக்காகத்தானே செய்தேன், அதற்கு இத்தனை பேச்சா என்று வந்துவிட்டது. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று இப்போது சரியாக நினைவில்லை. நல்லதாக ஒன்றும் இருந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை, பையைக் கட்டி வைத்துவிட்டு லாட்ஜ் வாசலில் ரிக்ஷாவுக்கு நின்றேன். எதிர்ச் சாரியிலிருந்து வசந்தா வந்தாள். கூட அவள் அம்மா, நாலடி பின்னால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி என்று வசந்தா சொன்னாள். அவள் பள்ளிக்கூடம் அந்தப் பக்கமே கிடையாது.

“அத்தான், இன்னைக்கிப் போகாதீங்க” என்றாள்.

அவள் அப்பா “மாப்ள”யைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகு இவள் அத்தான் என்றாள்.

“எங்க அப்பா கோவம் நாலு நாளைக்கித்தேன். எனக்குத் தெரியும்ல. வியாழக்கெழம வாங்க. நீங்களா கிளப்புக்கு வந்து, தப்பு என்னோடது, மாமாவுக்குத் தெரியாதுன்னு நாலு பேரு முன்னால ஒரு தடவ சொன்னாப் போதும். அவருக்கு வேற ஒண்ணும் வேணாம். அம்மாவும் அதத்தேன் சொல்லுது.”

பின்னால் நின்ற அம்மா தலையை ஆட்டினார்.

“ஞாயித்துக்கெழமையே சொன்னேனேம்மா. யாரு நம்புனா?”

“அன்னைக்கிக் கத்துனீங்க. இப்ப சொல்லுங்க.”

அவள் சொன்னது அவ்வளவு சுலபமாக இருந்தது. இரண்டு நாள் கூடத் தங்க வேண்டும், ஒரு மாடி ஏற வேண்டும், ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாத்தியாரும் பேங்க் மேனேஜரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நினைத்தேன். ஒரு நாள் பூராவும் அடுக்கிய காயினுக்குப் பின்னால் ராஜா மாதிரி உட்கார்ந்த இடத்தில் போய்க் கைகட்டி நிற்பதா?

“லீவு முடியுதும்மா. டிக்கெட்டை மாத்த முடியாது” என்றேன்.

மாற்ற முடியும். அந்த டிக்கெட்டை நான் அதற்கு முன்னாலேயே ஒரு தடவை மாற்றியிருந்தேன்.

வசந்தா என்னை அப்படியே பார்த்தாள். கெஞ்சவில்லை, அழவில்லை. “சரி, நான் அவங்களுக்கு எழுதிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். ரிக்ஷா வந்தது. நான் ஏறினேன்.

ஈப்போ ஸ்டேஷனில் சேகரன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். என் கையிலிருந்த பையை வாங்கினான். என் முகத்தையே பார்த்தான்.

வழி முழுக்க உண்மையைச் சொல்வதாகத்தான் யோசித்து வைத்திருந்தேன். அந்தச் சட்டையைப் பார்த்ததும், என்னால் கெட்டது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“கடல் தாண்டிப் பொண்ணு குடுக்க அவங்களுக்கு மனசில்லடா. கடைசி நேரத்துல யோசிச்சுட்டாங்க” என்றேன்.

பையைத் தோள் மாற்றிக்கொண்டான். “வசந்தாவும் அப்படியா சொன்னாங்க?”

“ஆமா.”

இரண்டு வாரம் கழித்து மதுரையிலிருந்து கடிதம் வந்தது. கனமான உறை. சேகரன் மேஜை மேல் வைத்து ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதே அறையில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பிரிடா என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ஒரு நாள் முழுக்க அவகாசம் இருந்தது. சாயந்திரம் அவன், “வேணாம்னு சொல்றதுக்கு இம்புட்டுப் பக்கம் எதுக்கு? படிச்சா எனக்குத்தான் கஷ்டம்ணே” என்று சொல்லி, உறையைப் பிரிக்காமலேயே எங்கள் முகவரியை அடித்து, அனுப்பியவருக்கே என்று எழுதி என்னிடம் நீட்டினான்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் நான்தான் அதைத் தபால் பெட்டியில் போட்டேன்.